கூடலூர் வயலில் நெல் குறைந்த கதை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதையில் விடியற்காலையில் ஏறும் லாரிகளில் பாதிக்கு மேல் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று சமையலறைக்கு வேண்டிய சரக்குதான் இருக்கும். பர்லியாறு சோதனைச்சாவடிக்கு எதிரே உள்ள டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இது கண்ணில் படும். இறங்கி வரும் லாரிகளில் தேயிலைத் தூள் மூட்டை, கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட். அரிசி ஏறுகிறது, தேயிலை இறங்குகிறது. 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் மலை ரயில் வந்தபோதும் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்காகவே பெரும்பாலும் ஓடியது. 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்ட மக்கள் 7 லட்சத்து 35 ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோரின் சோற்றுப் பானை இந்த மலைப்பாதையை நம்பியே இருக்கிறது. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து குன்னூர், கோத்தகிரி பாதைகள் இரண்டும் அடைபட்டபோது காய்கறியோடும் தேயிலையோடும் ஊட்டி உட்கார்ந்திருந்தது. அரிசிக்கும் கேஸ் சிலிண்டருக்கும்தான் தவித்தது.

மலைமேல் எப்போதும் இப்படி இருந்ததில்லை. படுகர் ஊர்களில் சாமை, கேழ்வரகு, கொரலி, பார்லி, சம்பா கோதுமை எல்லாம் விளைந்தன. அறுவடைத் திருநாளான தெவ்வ ஹப்பாவுக்கு இன்றும் புதுத் தானியம் வேண்டும். அதற்காகவே ஒரு சிறு பாத்தியில் விதைத்து வைக்கும் ஊர்கள் உண்டு. தானியத்தை முதலில் தள்ளியது உருளைக்கிழங்கு. 1961இல் ஊட்டிப் பகுதியில் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டதும் உருளைக்கிழங்குக்கு மதிப்புக் குறைந்தது. விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை வந்தது. முத்தோரை ஆராய்ச்சி நிலையம் நூற்புழுவைத் தாங்கும் குப்ரி சுவர்ணா போன்ற இரகங்களைக் கொடுத்தாலும், அதற்குள் பலர் தேயிலைக்கு மாறிவிட்டார்கள். குந்தாவில் 1962இல் தொடங்கிய கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வழி காட்டியது. இன்று இன்கோசர்வ் இணையத்தின் கீழ் 16 தொழிற்சாலைகள், சுமார் 30 ஆயிரம் உறுப்பினர்கள். ஒன்று, ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவரே இவர்களில் அதிகம்.

நில உச்சவரம்பு இந்த மலையை எப்படித் தொட்டது என்று கேட்டால், தோட்டங்களை அது தொடவே இல்லை. தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் முதலில் 30 தர ஏக்கர் என்றது. 1970இல் அதை 15 தர ஏக்கராகக் குறைத்தது. தேயிலை, காபி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு மட்டும் விலக்கு. ஆயிரம் ஏக்கர் தேயிலை வைத்திருந்த கம்பெனி அப்படியே இருந்தது. கீழே கோவையில் இருபது ஏக்கர் நஞ்சை வைத்திருந்தவர் கணக்குக் கொடுக்க அலைந்தார். தோட்டத்தைத் துண்டு போட்டால் தொழிற்சாலைக்கு இலை போதாது, ஏற்றுமதி கெடும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். அரை ஏக்கர்க்காரர்களின் இலையை வாங்கியே கூட்டுறவுத் தொழிற்சாலைகள் ஓடுகிற இந்த மாவட்டத்தில் அந்தக் காரணம் அவ்வளவு வலுவாக நிற்பதில்லை.

ஆனால் நீலகிரியில் நிலச் சீர்திருத்தம் முழுமூச்சாக இறங்கிய ஓர் இடம் உண்டு. அதைப் பார்க்க ஊட்டியைத் தாண்டி மேற்கே போக வேண்டும்.

ஊட்டியிலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர் ஐம்பது கிலோமீட்டர். நடுவட்டம் வரை யூகலிப்டஸும் சீகையும் குளிரும். அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கினால் உயரம் வெகுவாகக் குறைந்துவிடும். காற்று கனக்கும். பலாவும் பாக்கும் தென்படும். கடைப் பலகைகளில் மலையாளமும் சேரும். ஊர்ப் பெயர்களைக் கவனித்தால் விஷயம் புரியும்: புதூர்வயல், மண்வயல், பாட்டவயல். பக்கத்து வயநாட்டின் பெயரே வயல் நாடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். சரிவெல்லாம் காடு, சரிவுகளுக்கு நடுவே பாம்பு போல நெளியும் ஈர நிலமெல்லாம் நெல். இதுதான் இந்த நாட்டின் பழைய அமைப்பு.

1877 வரை இப்பகுதி மலபார் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டில்தான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. எனவே நில உரிமையும் மலபார் வழக்கப்படி ஜென்மம். நிலம்பூர் கோவிலகம் ஜென்மி. காடு, வயல், சரிவு எல்லாம் அதன் உடைமை. வயநாடன் செட்டிகளும் மண்டாடன் செட்டிகளும் பாட்டம் அளந்து வயலில் நெல் விளைத்தார்கள். முள்ளுக்குறும்பர்களும் நெல் விளைத்தார்கள். பணியர்கள் அந்த வயல்களில் வேலை செய்தார்கள். நிலத்தில் அவர்கள் பங்கு கூலி மட்டுமே. சரிவுகளை வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஜென்மியிடமிருந்து நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தன. 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் கிடைக்கும் என்று ஒரு வெறி கிளம்பி, லண்டனில் பங்கு விற்று, சில ஆண்டுகளில் அடங்கியது. பொன் எடுக்க வந்து ஏமாந்த நிலங்களிலும் பிறகு தேயிலைதான் ஏறியது.

நாடு விடுதலை பெற்ற பின் ஜமீன், இனாம் எல்லாம் போயும் கூடலூர் ஜென்மம் மட்டும் நீடித்தது. 1969இல் தமிழக சட்டமன்றம் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. அந்த ஆண்டின் 24ஆம் சட்டம் அது. சுமார் 80 ஆயிரம் ஏக்கர் இதற்குள் வந்தது. ஜென்மியின் உரிமை அரசுக்குச் செல்லும். உண்மையில் உழுதவருக்கு, குத்தகைக் குடி உட்பட, ரயத்துவாரி பட்டா கிடைக்கும். காகிதத்தில் நல்ல சட்டம்.

தோட்டக் கம்பெனிகள் உச்சநீதிமன்றம் போயின. 1972இல் பால்மாடிஸ் வழக்கின் தீர்ப்பு, சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்று, காட்டு நிலத்தை அரசு எடுத்துக்கொள்வதை மட்டும் ஏற்க மறுத்தது. காட்டை எடுப்பது உழவுச் சீர்திருத்தம் ஆகாது என்பது நீதிமன்றத்தின் வாதம். 1974இல் அரசியல் சட்டத்தின் 34ஆம் திருத்தம் வழியாக இச்சட்டம் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில்தான் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒன்பதாம் அட்டவணையில் வைத்துவிட்டால் கேள்வி கேட்க முடியாதா என்று மறுபடியும் வழக்கு. அதுதான் சட்டக் கல்லூரி மாணவர் எல்லாரும் படிக்கும் ஐ.ஆர்.கோயல்ஹோ வழக்கு. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டத்தையும் நீதிமன்றம் ஆராயலாம் என்பது தீர்ப்பு. இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதைக் கண்டு 1995இல் தொடுத்த வழக்கிலிருந்துதான் நாடு முழுவதற்குமான காட்டு உத்தரவுகள் 1996 டிசம்பரிலிருந்து வரத் தொடங்கின. இந்திய நாட்டின் இரண்டு பெரிய வழக்குகள் இந்த ஒரு சிறு வட்டாரத்து மண்ணிலிருந்து முளைத்தவை. டெல்லியில் இவ்வளவு பேசப்பட்ட மண்ணில் பட்டாவுக்கு நின்றவர் இன்னும் வரிசையில் நிற்கிறார்.

கூடலூரிலும் பந்தலூரிலும் 'செக்‌ஷன் 17' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜென்மி தோட்டத்துக்காகக் குத்தகைக்கு விட்ட நிலங்களைப் பற்றிய பிரிவு அது. குத்தகையை அரசு தொடரவிடலாம், பொதுநலன் கருதி முடித்தும் வைக்கலாம். வழக்குகள் நடந்தபடியே இருந்ததால் இந்த நிலங்களின் கணக்கு முடியவில்லை. ஐந்து பத்து ஆண்டுக்குள் முடிய வேண்டிய நில அளவையும் தீர்வும் ஒரு தலைமுறையைத் தாண்டியும் பாதியில் நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் மனிதர்கள் வராமல் இருக்கவில்லை. திருவிதாங்கூர், கொச்சிப் பக்கமிருந்து குடியேறிய மலையாளிகள், சமவெளித் தமிழர்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் என்று பலரும் வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, காசு கொடுத்து நிலம் 'வாங்கினார்கள்'. விற்றவருக்கே உரிமை இல்லாத நிலம்.

பட்டா இல்லாததால் உழவுக்கு என்ன நட்டம்? இந்த இதழுக்கு வரும் கேள்விகளில், நிலம் என்னிடம் இருக்கிறது, ஆவணம் இல்லை, கடன் கிடைக்குமா என்பது அடிக்கடி வரும் ஒன்று. பெரும்பாலும் கிடைக்காது என்பதுதான் பதில். சிட்டா, அடங்கல் இல்லாமல் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் இல்லை. கிசான் கடன் அட்டை இல்லை. சொட்டுநீர் மானியம் இல்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரும் பிரதமரின் கிசான் நிதி இல்லை. நெல் அறுத்தாலும் கொள்முதல் நிலையத்தில் நிலச் சான்று கேட்பார்கள். பிரிவு 17 நிலத்தில் வீடு கட்டியவர்களுக்கு மின் இணைப்பே பல்லாண்டுப் போராட்டமாக இருந்தது. வீட்டுக்கே விளக்கு இல்லை என்றால் மோட்டாருக்கு எங்கே போவது? ஆழமான கிணறு, கல் வைத்துக் கட்டிய வரப்பு, மண் அரிப்பைத் தடுக்கும் படிமட்டம் இவையெல்லாம் பத்தாண்டு கழித்துப் பலன் தரும் செலவுகள். நாளை வெளியேறச் சொல்வார்களோ என்று அஞ்சுகிறவர் அதில் பணம் போட மாட்டார்.

இதைவிடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. பட்டா இல்லாத சரிவில் எதை நடுவது என்பதைச் சந்தை மட்டும் முடிவு செய்வதில்லை. ஆய்வுக்கு வரும் அலுவலரின் கண்ணும் முடிவு செய்கிறது. மரம் நின்றால் அது காடு. கேழ்வரகு அறுத்து அடுத்த மழைக்காகச் சும்மா விட்டிருந்தால் அது தரிசு. மரவள்ளி பிடுங்கிய நிலமும் ஆறு மாதம் வெறுமையாகத்தான் இருக்கும். தேயிலைக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. எந்த மாதம் யார் வந்து பார்த்தாலும் பச்சையாக, வரிசையாக, இடுப்பளவு உயரத்தில் நிற்கும். ஐம்பது ஆண்டு நிற்கும். செடியின் தண்டுப் பருமனைப் பார்த்தே இத்தனை ஆண்டாக இவர் இங்கே உழுகிறார் என்று சொல்லிவிடலாம். யானையும் தின்னாது. எனவே ஆவணம் இல்லாதவர்கள் தேயிலையையே ஆவணமாக நட்டார்கள்.

இதைப் பழங்குடி மக்களே தெளிவாகக் காட்டினார்கள். 1988 டிசம்பர் 5 அன்று கூடலூரில் பல்லாயிரம் ஆதிவாசிகள் நில உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும் அக்கார்டு அமைப்பும் அதன் பின்னே இருந்தன. அதற்குப் பிறகு பணியர், குறும்பர் ஊர்களில் கையிலிருந்த துண்டு நிலத்தைக் காப்பாற்றத் தேயிலை நாற்று நடப்பட்டது. கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, வயலில் கூலி வேலை செய்து வாழ்ந்தவர்கள் தேயிலை விவசாயி ஆனார்கள். நிலம் கை நழுவாமல் நின்றது. அந்த வகையில் அது வெற்றிதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்த நிலத்திலிருந்து அடுப்புக்கு வந்தது குறைந்தது. 1990களின் பிற்பகுதியில் கிலோ 15 ரூபாய்க்கு மேல் போன பச்சைத் தேயிலை 2000 வாக்கில் ஐந்து ரூபாய்க்கும் கீழே விழுந்தது. சோவியத் நாடு உடைந்து ரூபாய் வணிகம் நின்றதும், ரஷ்யா வாங்குவதைக் குறைத்ததும் அதற்கு முக்கியமான காரணங்கள். மாஸ்கோவில் டீ குடிப்பது குறைந்தால் அய்யன்கொல்லியில் அரிசி வாங்குவது குறையும் என்ற நிலை வந்துவிட்டது.

கொழுந்து எடை போடும் ஷெட்டில் மாலை நான்கு மணிக்கு நின்றால் இது இன்றும் காதில் விழும். சாக்கை இறக்கிவிட்டு ஒரு பெண் கேட்பார்: "அண்ணே, இந்த மாசம் என்ன விலை போடுவாங்க?" தராசைப் பார்த்தபடியே ஏஜென்ட் சொல்வார்: "மாசக் கடைசியிலதான் தெரியும் தங்கச்சி. நீ எடையைச் சரியாப் பார்த்துக்க." நெல் விளைத்தவர் விலை தெரியாமல் விற்றாலும் விற்காமல் வைத்துத் தின்னலாம். பறித்த கொழுந்தை மறுநாள்கூட வைத்திருக்க முடியாது.

ஷெட்டில் பேசும் தமிழில் கண்டியும் நுவரெலியாவும் ஒலிக்கும். 1964இல் சாஸ்திரி, சிரிமாவோ ஒப்பந்தப்படி 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. அவர்களில் ஒரு பகுதியினருக்காக 1968இல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், மக்கள் வாயில் 'டேன்டீ'. பாண்டியார், சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம் என்று காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது, லைன் வீடு கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. அவர்கள் விட்டுவந்த இலங்கையிலும் கதை வேறல்ல. அங்கே 1972 நிலச் சீர்திருத்தச் சட்டம் 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது, 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமை ஆயின. கொழுந்து கிள்ளியவருக்கு அதில் ஒரு பெர்ச் நிலமும் வரவில்லை. நடுவே 1973, 74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது. வீட்டைச் சுற்றி மரவள்ளி நடக்கூட இடமில்லாதவர்களைத்தான் பஞ்சம் முதலில் பிடித்தது. அதைக் கண்ணால் பார்த்து வந்த தலைமுறை, இங்கே டேன்டீ வேலைக்கு வெளியே எப்படியாவது அரை ஏக்கர் பிடிக்க முயன்றதில் வியப்பில்லை. 2022இல் கழக நிலத்தில் ஈராயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு உத்தரவிட்டது. யானை வழிக்கு அது நல்லது. ஓய்வு பெற்று லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டிய தொழிலாளி எங்கே போவது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

சரிவு இப்படி. வயல் என்ன ஆயிற்று?

இங்கே பட்டாக் கதை வேறு. நெடுங்காலம் பாட்டம் அளந்து உழுத குடிகளில் சட்டப்படி பட்டா பெற்றவர்கள் உண்டு. நிலம் தன்னுடையது, வரப்பு தெளிவு, வரி கட்டிய ரசீது இருக்கிறது. ஆனாலும் ஸ்ரீமதுரை, மண்வயல் பக்கம் வயலோரமாக நடந்தால், நெல்லுக்கு நடுவே வாழை, வாழைக்கு அடுத்துப் பாக்கு, அதற்கும் அப்பால் மண் கொட்டி மேடாக்கிய இடம் என்று மாறி மாறி வரும். இஞ்சிக்காக வயலைக் குத்தகைக்கு விடுவதும் உண்டு. நெல்லில் வரும் வருமானத்தைப் போலப் பல மடங்கு முன்பணமாகவே வரும். இஞ்சிக்காரர் உயர் பாத்தி போட்டு, வடிகால் வெட்டி, மருந்து தெளித்து, ஒரே பருவத்தில் எடுத்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுவார். களிமண் அடித்தளம் உடைந்த வயலில் மறுபடியும் தண்ணீர் நிற்காது. அதைத் திருத்த இரண்டு மூன்று பருவம் சேறு கலக்கி உழ வேண்டும்.

நெல் ஏன் கட்டுப்படியாகவில்லை என்பதற்கும் வட்டாரக் காரணங்கள் உள்ளன. தென்மேற்கு மழையை நம்பி ஒரு போகம். 'தெற்கின் சிரபுஞ்சி' என்று பேர் வாங்கிய தேவாலா பக்கத்தில் இருக்கிறது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் குலை நோய் கடுமையாகத் தாக்கும். எந்த இரகம் குலை நோயைத் தாங்கும் என்று சோதிக்கவே வேளாண் பல்கலைக்கழகத்தின் கூடலூர் நிலையத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளலாம். கந்தகசாலா, ஜீரகசாலா போன்ற மண இரகங்கள் ஐந்து மாதத்துக்கு மேல் நிற்பவை, உயரமாக வளர்ந்து சாயும், விளைச்சல் குறைவு. கதிர் பால் பிடிக்கும்போது முதுமலைப் பக்கமிருந்து யானை இறங்கும். இரவெல்லாம் பரண்மேல் காவல் இருக்க இளவட்டம் வீட்டில் இல்லை. திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போயிருக்கும். நடவுக்கு வந்த பணியப் பெண்களுக்குத் தோட்ட வேலையில் ஆண்டு முழுதும் கூலி கிடைக்கிறது, அவர்கள் வருவதும் குறைந்தது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசி போக்கிய நல்ல திட்டம் அது. விளைத்துத்தான் தின்ன வேண்டும் என்ற கட்டாயமும் அதோடு போயிற்று.

எல்லை தாண்டி வயநாட்டைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதே மழை, அதே மண், அதே ஜென்மம். கேரளம் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையையே ஒழித்து, குடியானவரை உடைமையாளர் ஆக்கியது. கூடலூர் போல இழுபறி அங்கே இல்லை. அங்கேயும் தோட்டங்களுக்கு விலக்கு. நிலம் பெற்ற குடிகள் வசதியானார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். நெல் மட்டும் போயிற்று. 1970களின் நடுவில் எட்டரை லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த கேரள நெல் பரப்பு இரண்டு லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. கடைசியில் 2008இல் நெல் வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் போட்டு, வயலை நிரப்பத் தடை விதிக்க வேண்டி வந்தது. 2010இல் வயநாடு கந்தகசாலா, ஜீரகசாலா அரிசிக்குப் புவிசார் குறியீடு வாங்கினார்கள். நெல் போன பிறகு வந்த குறியீடு என்று சிலர் கேலி செய்வார்கள். கொஞ்சமாவது மிஞ்சியதற்கு விலை கிடைக்க அது உதவுகிறது என்பதே நியாயமான மதிப்பீடு.

ஆகவே பட்டா கொடுத்தால் நெல் தானாக வரும் என்று சொல்ல முடியாது. பட்டா கொடுக்காமல் இழுத்தால் சரிவு முழுவதும் தேயிலையாகும் என்பதை மட்டும் கூடலூர் ஐயமில்லாமல் காட்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்க நினைப்பதுதான் தவறு.

சரிவுக்கு முதலில் வேண்டியது தீர்வு. 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கு ஒரு வழி திறந்தது. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் 2016 வரை உரிமைப் பத்திரம் கொடுக்க முடியாமல் எட்டு ஆண்டு போயிற்று. பழங்குடி அல்லாதவர் அந்தச் சட்டத்தில் வர 75 ஆண்டு குடியிருப்பைக் காட்ட வேண்டும். 1970களில் கப்பலேறி வந்தவர் எங்கே காட்டுவார்? அவர்களுக்கு ஜென்மச் சட்டத்தின் வழியாகவே முடிவு வர வேண்டும். பெரிய தோட்டத்தையும் அரை ஏக்கர்க்காரரையும் ஒரே வழக்கில் கட்டிப் போட்டதுதான் இத்தனை ஆண்டு தாமதத்துக்குக் காரணம். சிறியவர்களைத் தனியே பிரித்து முடித்திருக்கலாம். உரிமை உறுதியானவர் தேயிலையைப் பிடுங்கிவிட மாட்டார், பிடுங்கவும் வேண்டாம். ஆனால் பத்து சென்ட் ஒதுக்கிச் சேனை, சேம்பு, மரவள்ளி வைப்பார். சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றுவார். கவாத்து செய்த ஆண்டில் இடைவெளியில் பீன்ஸ் போடுவார். தரிசு என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம் இல்லாதபோது இதெல்லாம் நடக்கும்.

வயலுக்கு வேண்டியது வேறு: யானைச் சேதத்துக்கு அறுவடைக்கு முன்பே கைக்கு வரும் இழப்பீடு, பந்தலூரிலோ கூடலூரிலோ மண அரிசி அரைக்க ஒரு சிறிய ஆலை, வயலை மேடாக்காமல் வைத்திருப்பவருக்கு ஏக்கருக்கு ஓர் ஊக்கத்தொகை. வயல் நெல்லை மட்டும் தருவதில்லை. மழைநீரைப் பிடித்துக் கிணற்றுக்கு விடுவதும் அதுதான். வயலைத் தூர்த்த ஊர்களில் மாசி, பங்குனியில் கிணறு வற்றுவதைக் குடியிருப்பவர்களே சொல்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறவர் நெல் விளைப்பவர் மட்டும் அல்லவே, செலவை அவர் மட்டும் ஏன் தாங்க வேண்டும்?

உடனே செய்யக்கூடியதும் உண்டு. மார்கழி அறுவடைக்குப் பின் வயல் ஈரத்தில் தட்டைப்பயறு, அவரை போட்டால் சித்திரை வரை காயும் பருப்பும் கிடைக்கும். வேர் முடிச்சால் மண்ணில் தழைச்சத்து சேரும். இஞ்சிக்குக் குத்தகை விடுகிறவர்கள், எடுத்து முடித்ததும் பாத்தியை உடைத்து வயலைச் சமப்படுத்தித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம். கந்தகசாலா விதையை ஆண்டுக்கு ஒரு முறையாவது விதைத்துப் புதுப்பிக்காவிட்டால் முளைப்புத்திறன் போய்விடும்.

அந்த விதை இன்னும் சில வீடுகளின் பத்தாயத்தில் இருப்பதற்கு ஒரு காரணம் புத்தரி. ஐப்பசியில் புதூர்வயலில் செட்டிமாரும் பணியர், குறும்பர் மக்களும் கூடி, விரதமிருந்தவர்கள் முதல் கதிரை அறுக்க, வாத்தியத்தோடு நம்பாலக்கோட்டைக் கோயிலுக்கு எடுத்துப் போகிறார்கள். பூசை முடிந்து கொடுக்கும் கதிரை ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி வந்து வீட்டு வாசலிலும் பத்தாயத்திலும் கட்டுகிறார்கள். வயலை விற்றவர்களும், பாக்கு வைத்தவர்களும், ஒரு சென்ட்கூட இல்லாதவர்களும் அன்றைக்கு வரிசையில் நிற்கிறார்கள். கதிர் எல்லாருக்கும் போதுமா என்று அறுப்பதற்கு முன்பே எண்ணிப் பார்த்துக்கொள்கிறார்கள்.